எந்த மொழி என்று முதலில் சொல்லுங்கள்: ஆப்பிரிக்க மொழி, இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு

வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்டுவிடுகிறார்கள். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்திருப்பார்கள். பாடத்தில் நைஜீரியாவின் சினுவா அச்சிபியோ கென்யாவின் கூகி வா தியாங்கோவோ வந்திருப்பார். படித்த சூடு ஆறுவதற்குள், "ஆப்பிரிக்க இலக்கியத்தில் மேற்படிப்பு படிக்கணும், எங்கே போடலாம்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மொழி? அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் போனில் சத்தமே இருக்காது.

மிரட்டுவதற்காகக் கேட்பதில்லை. அந்தக் கண்டத்தில் ஏறத்தாழ 2000 மொழிகள் பேசப்படுகின்றன. "ஆசிய இலக்கியம் படிக்கப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டு, தமிழா ஜப்பானியமா பாரசீகமா என்று கேட்டால் விழித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். மொழி முடிவானால் அதைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் ஏழெட்டாகச் சுருங்கிவிடும், வழிகாட்டும் பேராசிரியர் யார் என்பது தெரிந்துவிடும், எந்த நாட்டு உதவித்தொகைக்கு எழுதவேண்டும் என்பதும் தெளிந்துவிடும். முதலில் பல்கலைக்கழகத்தைப் பிடித்துவிட்டு மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள், இரண்டாம் ஆண்டில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவதை நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: மொழி

தமிழ் பேசுகிறவருக்கு எது எளிது என்று கேட்டால் தயங்காமல் சுவாஹிலி என்பேன். தன்சானியா, கென்யா தொடங்கி காங்கோவின் கிழக்குப் பகுதிவரை செல்லுபடியாகும் மொழி. குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருள் மாறுகிற சுர பேதம் கிடையாது. எழுதியபடியே வாசிக்கலாம். நமக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. "படித்தேன்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: வினை முதலில், காலம் நடுவில், ஆள் கடைசியில். சுவாஹிலியில் அதே சொல் "நிலிசோமா". நி என்றால் நான், லி என்றால் இறந்த காலம், சோமா என்றால் படி. நம் சொல்லைக் கண்ணாடியில் காட்டியது போல ஆள், காலம், வினை என்று திரும்பி நிற்கிறது. படிப்பேன் என்பதற்கு நடுவில் உள்ள லியை எடுத்துவிட்டு தா போட்டால் போதும்: நிதாசோமா. ஆங்கிலேயரோ ஜெர்மானியரோ திணறுகிற இந்த ஒட்டுநிலை நமக்குப் பள்ளிக்கூடத்துப் பகுபத உறுப்பிலக்கணம்தான்.

தடுக்கி விழுகிற இடம் பெயர்ச்சொல் வகுப்புகள். நம்மிடம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. அங்கே பத்துக்கு மேல். குழந்தை என்பது "ம்தோதோ", பன்மை "வாதோதோ". புத்தகம் "கிதாபு", பன்மை "விதாபு". அரபியிலிருந்து வந்த சொல்லென்று பாராமல், கி என்று தொடங்குகிற ஒரே காரணத்துக்காக அதைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அடைமொழியும் வினையும் அந்த முன்னொட்டையே சுமக்கவேண்டும்: நல்ல குழந்தை "ம்தோதோ ம்ஸூரி", நல்ல புத்தகம் "கிதாபு கிஸூரி", நல்ல புத்தகங்கள் "விதாபு விஸூரி". வாக்கியம் முழுக்க ஒரே ஒலி மோனை போல ஓடும். கேட்க அழகு, முதல் நாலு மாதம் பேச வராது.

இந்துமாக்கடல் வணிகம் விட்டுப்போன சொற்களும் கைகொடுக்கும். கடைக்கு "டுக்கா", வண்டிக்கு "காரி", காப்பீட்டுக்கு "பீமா", காசுக்கு "பேசா", இலட்சத்துக்கு "லாக்கி". சப்பாத்தி சப்பாத்தியேதான்.

ஆனால் எளிது என்பதற்காக மட்டும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களை இழுத்துக்கொண்டுவந்தது நைஜீரியாவோ பிரேசிலின் கறுப்பின மக்களோ என்றால் உங்கள் மொழி யொருபா. அதில் மூன்று சுரங்கள். நம் காதுக்கு "ஒக்கோ" என்று ஒன்றுபோல விழுவதைச் சுரம் மாற்றிச் சொன்னால் கணவன், மண்வெட்டி, வண்டி என்று ஆள் மாறிவிடும். மேளத்தையே பேசவைக்கிற மரபு அங்கே இருப்பதற்குக் காரணமும் இதுதான்; தோல்வாரை இறுக்கித் தளர்த்திச் சுரத்தைக் கொண்டுவந்துவிட்டால் கேட்பவருக்குச் சொல் புரிந்துவிடும். பாட்டுக் காது உள்ளவர்கள் துணிந்து எடுக்கலாம்.

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எடுத்தால் எழுத்து பயமுறுத்தும், ஆனால் தமிழருக்கு அந்தப் பயம் வேண்டாம். 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றும் உயிரோடு சேர்ந்து ஏழு வடிவம். 18 மெய்யைப் பன்னிரண்டு உயிரோடு கூட்டி 216 எழுதக் கற்றவருக்கு 231 பெரிதல்ல. தென்னாப்பிரிக்காவின் ஸூலு, ஹோசா மொழிகளில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் வரும். அவற்றில் ஒன்று நாம் பரிதாபப்பட்டு "ச்சு ச்சு" கொட்டுவது. இன்னொன்று மாட்டு வண்டிக்காரர் கடைவாயில் எழுப்பி மாட்டை விரட்டுவது. ஒலி நம்மிடம் இருக்கிறது, அதைச் சொல்லுக்குள் வைத்துப் பழக்கமில்லை, அவ்வளவே. ஹவுசா, வோலோஃப், சோமாலி, லிங்காலா எல்லாவற்றுக்கும் அதனதன் வாசல் உண்டு. இங்கே எல்லாவற்றையும் விரிக்க இடமில்லை.

புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்களின் மொழி, இலக்கியம் என்று போகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஹெய்ட்டியில் 1987 அரசியல் சட்டத்தின்படி கிரயோல் என்ற கலப்பு மொழியும் ஆட்சிமொழி. ஜமைக்காவின் பேச்சுமொழி, அமெரிக்கக் கடலோரத் தீவுகளின் கல்லா, கொச்சை என்று ஒதுக்கப்பட்ட இவையெல்லாம் இன்று பாடங்கள். "ஆங்கிலமும் பிரெஞ்சும் போதும், கிரயோல் எதற்கு?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடிவெடுக்க நான் சொல்லும் சோதனை சின்னது. இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மொழிபெயர்ந்த ஒரு நூலை வாசியுங்கள், பிறகு ஒரு மாதம் தினமும் அரைமணி அந்த மொழி வானொலியைப் புரியாமலே கேளுங்கள். மாதக் கடைசியில் எந்த ஒலி காதில் ஒட்டியிருக்கிறதோ அதுவே உங்கள் மொழி. அதற்குப் பின் நல்ல அகராதி உண்டா, கற்றுத்தர ஆள் உண்டா, போய்த் தங்க வழி உண்டா என்று பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும்.

இரண்டாம் படி: விண்ணப்பத்துக்கு முன் ஆறு மாதம்

விண்ணப்பிக்கும் நாளில் நூறு வாக்கியமாவது சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். சுவாஹிலியை வைத்தே சொல்கிறேன். ஒரு நோட்டு போடுங்கள். எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாக எழுதாதீர்கள். ஒருமை, பன்மை, கூடவே ஒரு அடைமொழி என்று மூன்றாக எழுதுங்கள். தனிச்சொல்லாக ஆயிரம் மனப்பாடம் செய்தவர் வாக்கியம் அமைக்கத் தெரியாமல் நிற்பார், மூன்றாக முந்நூறு எழுதியவர் பேசிவிடுவார்.

வணக்கம் சொல்வதைத் தனிப் பாடமாகவே கற்கவேண்டும். மூத்தவரைப் பார்த்தால் "ஷிகாமோ" என்கவேண்டும், அவர் "மரஹாபா" என்று ஏற்றுக்கொள்வார். காலில் விழுந்து எழுவதைப் போன்ற ஒன்று, குனியாமலே நடக்கிறது. பிறகு நலமா, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் விஷயம். அதைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போகிறவருக்கு இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மதிப்பு இல்லை.

மணி பார்ப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சுவாஹிலியில் நேரம் சூரியன் உதிப்பதிலிருந்து கணக்கு. காலை ஏழு மணிக்கு "சா மோஜா", அதாவது மணி ஒன்று. நம் பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகை போலத்தான். இது ஏட்டில் தெரிந்திருந்தும், "சா தாத்து" என்று சொன்ன படகை மூன்று மணிக்கென்று நினைத்துச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்து, காலை ஒன்பதுக்கே அது போய்விட்டதை அறிந்தவன் நான்.

மூன்றாம் படி: துறையின் பெயரை நம்பாதீர்கள்

ஒரே படிப்பு என்று வெளியிலிருந்து தெரிவது உள்ளே மூன்று வீடாக இருக்கிறது. ஒன்று, மொழியியல் பக்கம் சாய்ந்தது. ஜெர்மானியர்கள் "ஆஃப்ரிக்கானிஸ்டிக்" என்பார்கள். இலக்கணம், ஒலி, மொழிக்குடும்பம். இரண்டாவது, ஆங்கிலத் துறைக்குள் பின்காலனிய இலக்கியம் என்ற பலகையோடு இருப்பது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் மட்டும். மூன்றாவது, ஆப்பிரிக்க ஆய்வுத் துறை; அரசியல், பொருளாதாரம், வெளியுறவுக்கு நடுவில் இலக்கியம் ஒரு தாளாக எட்டிப்பார்க்கும். மொழியையும் இலக்கியத்தையும் சமமாக வைத்த துறைகள் குறைவு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1964-இல் மேடிசன் நகரில் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் இலக்கியத்துக்கும் என்றே தனித் துறை தொடங்கியது. இப்போது ஆப்பிரிக்கப் பண்பாட்டு ஆய்வுகள் என்று பெயர் மாறியிருக்கிறது.

இந்த வீட்டுச் சண்டை பழையது. 1968-இல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி, ஹென்றி ஓவுவோர் அன்யும்பா, தாபான் லோ லியோங் என்ற மூவரும் ஆங்கிலத் துறையை ஒழிக்கவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கிலமே வேண்டாம் என்பது வாதமல்ல. நடுவில் யார் என்பதுதான் கேள்வி. கென்ய மாணவனுக்கு அவன் ஊர் வாய்மொழிப் பாட்டு நடுவில் இருக்கவேண்டும், அதைச் சுற்றிக் கிழக்கு ஆப்பிரிக்கா, பிறகு கண்டம், கரீபியக் கடலும் கறுப்பின அமெரிக்காவும், அதற்கப்புறம் ஐரோப்பா. புலம்பெயர்ந்தோர் இலக்கியமும் ஆப்பிரிக்க இலக்கியமும் இன்று பல இடங்களில் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்கு அந்தக் குறிப்பும் ஒரு காரணம்.

ஆகவே துறையின் பெயரைப் பார்த்து மயங்காமல் பாடப் பட்டியலைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் மொழி எத்தனை ஆண்டு கற்பிக்கப்படுகிறது? ஓராண்டுதான் என்றால் அது அலங்காரம். இலக்கியத் தாளில் மூலமொழியில் வாசிக்கும் நூல் ஒன்றாவது இருக்கிறதா? மொழி ஆசிரியர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, ஒப்பந்தத்திலா? மூன்றாவதை எந்தத் தகவல் ஏட்டிலும் போடமாட்டார்கள், மின்னஞ்சலில் துறை அலுவலகத்தைக் கேட்கவேண்டும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டால் உங்கள் படிப்பு அந்தரத்தில் தொங்கும். அறிமுகமில்லாத ஒருவர் இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: எங்கே, என்ன செலவு

நாட்டுக்குள்ளேயே தொடங்க நினைப்பவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை இருக்கிறது. 1950களின் நடுவில் தோன்றியது, சுவாஹிலி கற்பிக்கிறார்கள். மும்பைப் பல்கலைக்கழகத்திலும் 1971 முதல் ஆப்பிரிக்க ஆய்வு மையம் உண்டு. இரண்டும் மேலே சொன்ன மூன்றாவது வீட்டைச் சேர்ந்தவை, அரசியலும் பொருளாதாரமும்தான் மேலோங்கும். ஆனாலும் கையைக் கடிக்காத செலவில் ஓராண்டு மொழியைக் கற்றுக்கொண்டு, நமக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க நல்ல இடம்.

சுவாஹிலியை அதன் வீட்டிலேயே படிப்பதென்றால் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம். அங்கே சுவாஹிலி ஆய்வு நிறுவனத்தில் சுவாஹிலி இலக்கியத்தைச் சுவாஹிலியிலேயே கற்பிக்கிறார்கள். 1981-இல் வந்த தரமான ஒருமொழி அகராதி அந்த வளாகத்தில் உருவானது. நேராகப் பட்டப் படிப்பில் சேர மொழி பலம் போதாது என்றால் சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு நடத்தும் குறுகிய சுவாஹிலிப் படிப்பில் முதலில் சேரலாம். 2023 முதல் சென்னை ஐஐடிக்கு அந்தத் தீவில் ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே கற்பிப்பது தரவு அறிவியலும் பொறியியலும், நமக்குச் சம்பந்தமில்லை. என்றாலும் ஊரில் தமிழ்க் குரல் கேட்கும் என்று வீட்டில் சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்த உதவும்.

லண்டனில் 1916-இல் நிறுவப்பட்ட சோவாஸ் என்ற கீழை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி பெயர் பெற்றது. ஓராண்டு முதுகலை என்பதால் காலம் குறைவு, கட்டணம் மிக அதிகம். காமன்வெல்த் உதவித்தொகையோ பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையோ கிடைக்காமல் கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதே என் கருத்து. செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள்.

பணம்தான் கவலை என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற சில விலக்குகளைத் தவிர அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்குத்தொகை மட்டும். பைரோய்ட், ஹாம்பர்க், லைப்சிக் என்று ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பெயர்பெற்ற இடங்கள் பல. பைரோய்ட்டில் 1981 முதல் இவாலேவாஹவுஸ் என்ற ஆப்பிரிக்கக் கலை இல்லம் இயங்குகிறது. பெயரின் முற்பாதி யொருபாப் பழமொழி: குணமே அழகு. ஆனால் இரண்டு முட்டுக்கட்டை உண்டு. இந்திய மாணவர்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் என்ற சான்றிதழ் வாங்காமல் விசா கேட்க முடியாது, அதற்கே வாரக்கணக்கில் ஆகும். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே காட்டவேண்டும். 2024 இலையுதிர் காலத்திலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கும். முதுகலையில் ஆங்கிலவழி கிடைக்கும், தேடிப் பார்க்கவேண்டும்.

அம்ஹாரிக் அல்லது ஹவுசா என்றால் நேப்பிள்ஸின் ஓரியண்டாலே பல்கலைக்கழகத்தையும், பிரெஞ்சு தெரிந்தவர்கள் பாரிஸின் இனால்கோ என்ற மொழிக் கல்வி நிறுவனத்தையும் மறந்துவிடவேண்டாம். யொருபாவுக்கு நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகம்.

அமெரிக்காவில் முதுகலைக்குப் பணம் கேட்பார்கள், முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அதனால் முதுகலையை வேறெங்காவது முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு அங்கே போவது புத்திசாலித்தனம். ஒரு எச்சரிக்கை: மொழி படிப்பவர்களுக்கென்றே அமெரிக்க அரசு தந்துவந்த ஃப்ளாஸ் என்ற உதவித்தொகையைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே இருந்தது.

ஐந்தாம் படி: நோக்க அறிக்கை

"சிறு வயதிலிருந்தே எனக்கு ஆப்பிரிக்கா மீது ஆர்வம்" என்று தொடங்குகிற அறிக்கையைப் படிப்பவர் இரண்டாவது வரிக்கு வரமாட்டார். கண்டத்தின் மீது ஆர்வம் என்பது ஒரு பொருளும் இல்லாத சொல். ஒரு நூல், அதில் ஒரு இடம், அது உங்களுக்குள் எழுப்பிய கேள்வி, அதற்கு விடை தேட ஏன் இந்த மொழி வேண்டும், இதுவரை அந்த மொழியில் என்ன கற்றிருக்கிறீர்கள் என்ற வரிசையில் போங்கள்.

உதாரணமாக இப்படி ஒருவர் எழுதினால் நான் நிமிர்ந்து உட்காருவேன்: தன்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரே ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனை 1969-இல் சுவாஹிலிக்குக் கொண்டுவந்தபோது தலைப்பில் வணிகனைப் போடாமல், முதலாளிகள் என்று பொருள்படும் "மபேபாரி" என்ற சொல்லைப் போட்டார். ஒரு சொல்லில் நாடகமே அரசியலாகிவிட்டது. இந்தச் சொல் அந்த நாட்டுச் சோஷலிசக் காலத்தில் எப்படியெல்லாம் புழங்கியது என்று தேட விரும்புகிறேன். இவ்வளவுதான். அரைப் பக்கத்தில் மொழியும் இலக்கியமும் வரலாறும் வந்துவிட்டன.

தமிழராக இருப்பதை மறைக்கவும் வேண்டாம், அதையே பாடவும் வேண்டாம். ஒட்டுநிலை மொழி தாய்மொழி, அரசவைப் புகழ்ப்பாட்டு மரபும் வாய்மொழி மரபும் உள்ள இலக்கியத்திலிருந்து வருகிறேன் என்று இரண்டு வரி போதும்.

ஆறாம் படி: வகுப்புக்குள்

முதல் பருவத்திலேயே ஒரு பழைய விவாதம் மேசைக்கு வரும். 1962 ஜூனில் உகாண்டாவின் மகெரெரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மட்டுமே அழைப்பு. அடுத்த ஆண்டே ஓபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர், ஆப்பிரிக்க மொழிகளில் எழுதாத இலக்கியம் முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதிச் சண்டையைத் தொடங்கிவைத்தார். அச்சிபி ஆங்கிலத்தைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம். கூகி பின்னாளில் எதிர்ப்பக்கம். அவர் 1977-இல் கமிரித்து கிராமத்து மக்களோடு சேர்ந்து தன் தாய்மொழியான கிகூயுவில் நாடகம் போட்டார். அந்த ஆண்டுக் கடைசி நாளில் கைது. ஆங்கிலத்தில் எழுதியபோது சும்மா விட்ட அரசு, குடியானவருக்குப் புரியும் மொழியில் எழுதியதும் பிடித்துக்கொண்டது. விசாரணையின்றி ஓராண்டு கமிதிச் சிறையில் இருந்தபோது கழிப்பறைத் தாளில் கிகூயுவில் ஒரு நாவல் எழுதினார். அதுதான் தமிழில் "சிலுவையில் தொங்கும் சாத்தான்" என்று வந்தது. 2025 மே மாதம் அவர் இறந்தார். விவாதம் இன்னும் வகுப்பில் சூடாகவே இருக்கிறது. யார் பக்கம் என்று முதல் வாரத்திலேயே கொடி பிடிக்காதீர்கள். ஒரு மொழியை முழுதாகக் கற்ற பிறகு உங்கள் கருத்து மாறும்.

இன்னொன்றையும் சீக்கிரமே உதறிவிடுங்கள்: ஆப்பிரிக்க நாவல் 1958-இல் அச்சிபியோடு தொடங்கியது என்ற எண்ணம். அம்ஹாரிக்கில் முதல் நாவல் 1908-இல் அச்சாகிவிட்டது. செசோத்தோ மொழியில் தாமஸ் மொஃபோலோவின் "சாகா" 1925. யொருபாவில் ஃபகுன்வாவின் காட்டு வேட்டைக்காரன் கதை 1938. அதைத்தான் முப்பது ஆண்டு கழித்து வோலே சோயிங்கா ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். சுவாஹிலியில் செய்யுள் மரபு நாவலுக்கெல்லாம் மூத்தது. 1858 வாக்கில் நோயுற்றிருந்த ம்வானா குப்போனா என்ற பெண் தன் மகளுக்கு அறிவுரையாக ஒரு நெடும்பாட்டுப் பாடிவைத்தார். "உதென்சி" என்ற அந்த யாப்பில் நாலடிக்கு ஒரு பாட்டு, அடிக்கு எட்டு அசை. முதல் மூன்று அடியும் ஒரே இயைபில் முடியும். நாலாவது அடியின் இயைபு அடுத்தடுத்த பாட்டுகளுக்கெல்லாம் தொடர்ந்து போகும். யாப்பருங்கலக் காரிகையைக் கண்டு ஓடாதவர்களுக்கு இது தேன்.

வாய்மொழி இலக்கியத் தாளை விருப்பப்பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். ஸூலு அரசர்களின் "இஸிபோங்கோ" புகழ்ப்பாட்டு, யொருபா வேட்டைக்காரர்களின் "இஜாலா", மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் நாட்டுப் பாணர்கள் பாடும் சுந்தியாட்டா காவியம் எல்லாம் அங்கேதான் வரும். மெய்க்கீர்த்தியையும் புறநானூற்றுப் பாணரையும் அறிந்தவருக்கு வகுப்பில் பேச எதாவது இருக்கும். ஆனால் "எங்கள் ஊரிலும் இதே இருக்கிறது" என்று நிறுத்திவிட்டால் ஆசிரியர் புன்னகைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். எங்கே வேறுபடுகிறது என்று சொல்லுங்கள்.

புலம்பெயர்ந்தோர் தாளில் நியூயார்க் ஹார்லெமின் கறுப்பின இலக்கிய எழுச்சி, பிரெஞ்சில் எழுதிய கறுப்பின எழுத்தாளர்களின் நெக்ரிட்யூட் இயக்கம், கரீபியம் எல்லாம் வரும். எனக்கு அதில் மறக்கமுடியாதது ஒரு மொழியியலாளரின் கதை. லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின அறிஞர் 1930களில் ஜார்ஜியா, தென் கரோலைனா கடலோரத்தில் கல்லா பேசுவோரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார். அதுவரை கல்லாவை உடைந்த ஆங்கிலம் என்றுதான் அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். டர்னர் லண்டன் சோவாஸுக்குப் போய் ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். கற்றதும் அந்தப் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்கள் காதில் விழத் தொடங்கின, 1949-இல் புத்தகமாக்கினார். அவர் பதிவு செய்த ஒரு பாட்டு, ஜார்ஜியாவில் ஒரு பெண் பொருள் தெரியாமல் தன் தாயிடமிருந்து கற்றுப் பாடியது. அது மெண்டே மொழி. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் சியரா லியோனில் தேடியபோது ஒரு கிராமத்தில் அதே பாட்டு உயிரோடு இருந்தது. சாவுச் சடங்கில் பாடுவார்களாம். 1997-இல் அந்த ஜார்ஜியாப் பெண்ணின் மகள் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் காதில் அந்தப் பாட்டு தாலாட்டாகவோ உளறலாகவோதான் விழுந்திருக்கும்.

அட்லாண்டிக்கை மட்டுமே புலம்பெயர்வு என்று நினைக்கவும் வேண்டாம். இந்துமாக்கடல் வழியாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் குஜராத்திலும் வடகர்நாடகத்திலும் சித்தி என்ற பெயருள்ள சமூகமாக வாழ்கிறார்கள். இலங்கையில் புத்தளம் மாவட்டத்துச் சிறாம்பியடியில் ஒரு சிறு ஆப்பிரிக்கச் சமூகம், மஞ்சா என்ற பாட்டு வகையைப் போர்த்துக்கேய கிரயோலில் பாடுகிறது. தமிழ் தெரிந்த மாணவருக்கு எளிதில் போய்வரக்கூடிய இதைவிடப் பக்கத்துக் களம் கிடைக்காது. ஆய்வேட்டுக்குப் பொருள் தேடுகிறவர்கள் கவனிக்கவும்.

ஏழாம் படி: களம்

தன்சானியாவில் ஆய்வுக்கு ஒலிப்பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கக் கூடாது. கோஸ்டெக் என்ற அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் அனுமதி வேண்டும். சான்சிபாருக்கு அனுமதி தனி. கென்யாவில் அதற்கு நாகோஸ்டி என்ற ஆணையம். மாதங்கள் ஆகும் வேலை, பயணச்சீட்டு வாங்குமுன் தொடங்கவேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, கானா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது அந்தச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் போட்டிருக்கவேண்டும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மஞ்சள் அட்டையை மட்டும் தொலைக்காதீர்கள்.

பாட்டுப் பாடியவரிடம் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள், பதிவின் பிரதி ஒன்றை அவருக்கே கொடுங்கள். எடுத்துக்கொண்டு போனவர்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்திருக்கின்றன.

வேலை

பேராசிரியர் பணி என்று ஒன்றையே நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இடங்கள் மிகக் குறைவு. மொழி கைவசம் இருந்தால் மொழிபெயர்ப்பு, வானொலி, தொண்டு நிறுவனங்கள், நூலகங்களின் ஆப்பிரிக்கப் பிரிவு, மென்பொருளை உள்ளூர் மொழிக்கு மாற்றும் பணி என்று வழிகள் திறக்கும். இலக்கியக் கோட்பாடு மட்டும் கைவசம் இருந்தால் இவற்றில் பாதி மூடியே இருக்கும்.

சம்பளம் இல்லாத ஒரு வேலையும் காத்திருக்கிறது. அச்சிபியின் முதல் நாவல் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் "சிதைவுகள்" என்று தமிழுக்கு வந்தது. அது மூலமே ஆங்கிலம், சரி. கூகி சிறைக்குள் கிகூயுவில் எழுதிய நாவலும் ஆங்கிலம் வழியாகத்தான் நமக்கு வந்தது. ம்வானா குப்போனா மகளுக்குப் பாடியதை எட்டசை கெடாமல் சுவாஹிலியிலிருந்து நேராகத் தமிழில் கொண்டுவர, இரண்டு மொழியும் யாப்பும் தெரிந்த ஒருவர் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பத்துப் பாட்டு செய்து பார்த்தால், நோக்க அறிக்கையில் எழுதியது எவ்வளவு உண்மை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.